வந்த வழியும் நின்ற நிலமும்

பயணம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் தொலைவிடங்களை நோக்கி விரைகின்றது. காசியும் இராமேசுவரமும், ஆக்ராவும் அசந்தாவும் கண்முன் தோன்றுகின்றன. எத்தனை கல் தொலைவு சென்றோம், எங்குத் தங்கினோம், என்னென்ன கண்டோம் என்று அடுக்கிச் சொல்லும் கட்டுரைகள் பல. அவற்றைப் படிப்பதால் அறிவு விரியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கோலார் தங்கவயலில் வாழும் நம்மனோர்க்குப் பயணம் என்பது விடுமுறைக் காலத்து இன்பம் மட்டும் அன்று. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் வரலாறும் ஒரு பயணத்திலேயே தொடங்குகின்றது. பாட்டனோ, பாட்டனுக்குப் பாட்டனோ, மூட்டையும் முடிச்சுமாக ஒரு நாள் ஊரை விட்டுப் புறப்பட்டதனாலன்றோ நாம் இங்கு இருக்கின்றோம்?

ஓரிடத்திற்குப் போவது வேறு. போன இடத்தில் இருப்பது வேறு. வண்டியிலிருந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் அவ்விடத்திற்குப் போனவர் ஆவர். அங்குள்ள மண் எத்தகையது, நீர் எங்கிருந்து வருகின்றது, மக்கள் எப்படி உழைக்கின்றனர், எதைப் பாடி மகிழ்கின்றனர் என்று நின்று நோக்குகிறவரே அங்கு இருந்தவர் ஆவர். கால் ஓரிடத்தில் நிற்க, கருத்து வேறோரிடத்தில் உலவுமாயின் அதனை இருத்தல் என்று சொல்லுதல் தகாது. நூறாண்டுக் காலம் ஓர் ஊரில் குடியிருந்தும் அவ்வூரைக் காணாதவர் உண்டு. சில நாள் தங்கியும் கண்டவர் உண்டு. இக்கருத்தை உளத்திற்கொண்டு நம் தங்கவயலின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

வாரன் கண்ட காட்சி

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளந்து வரையறுக்கும் பணி நடைபெற்றது. அப்பணியில் ஈடுபட்டிருந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர் 1802இல் இப்பகுதிக்கு வந்தார். இம்மண்ணில் பொன் கிடைக்கின்றது என்னும் பேச்சு அவர் செவிக்கு எட்டியது. கேள்விப்பட்டதைக் குறித்துக்கொண்டு அவர் அப்பாற் போய்விடவில்லை. பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் என்னும் ஊர் மக்கள் மாட்டு வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்ணெதிரே நீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர்.

பின்னர் அவர் மாரிகுப்பத்திற்குச் சென்றார். அங்கே 30 அடி ஆழமும் 45 அடி ஆழமும் உடைய குழிகளில் மக்கள் இறங்கிக் கல் வெட்டிக்கொண்டிருந்தனர். வெட்டிய கல்லைக் கூடையில் இட்டு, ஆங்காங்கு நின்றவர் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்பினர். மேலே நின்ற பெண்கள் அக்கல்லைப் பெரும்பாறையின் மேல் இட்டு இடித்துப் பொடியாக்கினர். அப்பொடியை நீர்நிலைக்குக் கொண்டுபோய் அலசிப் பொன் எடுத்தனர். இவற்றையெல்லாம் வாரன் எழுதி வைத்தார். குழியில் இறங்கியோர் ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் என்பதையும் அவருடைய குறிப்பிலிருந்து அறிகின்றோம். நம் பாட்டன்மார் இங்கு வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே இம்மண்ணின் மக்கள் இத்தொழிலைக் கைவரப் பெற்றிருந்தனர் என்பது இதனால் தெளிவாகின்றது.

இவ்வாரனைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அதுவும் தமிழரோடு தொடர்புடையதே. அவர் பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். இந்நாட்டுப் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்து ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் இருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்தும் மாற்றியும், நினைவில் இருந்த சொற்குறிப்புகளின் துணையால், சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை அவர் அருகில் இருந்து கண்டு பதிவு செய்தார். 1825 மே 31ஆம் நாளைச் சார்ந்த கிரகணம் அது. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அக்கணிப்பு ஏறத்தாழ 4 நிமிடமே வேறுபட்டது என்றும், நடுவிலும் முடிவிலும் வேறுபாடு மிகுந்தது என்றும் இருபதாம் நூற்றாண்டில் அதனை ஆராய்ந்த அறிஞர் கண்டனர்.

மண்ணை அலசும் உழவரையும் சோழி வைத்துக் கணிக்கும் கணிதரையும் ஒரே கவனத்தோடு நோக்கியவர் வாரன். இருத்தல் என்று நாம் கூறியதற்கு அவர் நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆயினும், ஒன்றை மறத்தலாகாது. தங்கவயலின் வரலாற்றைச் சொல்லுவோர் அனைவரும் வாரன் பெயரைச் சொல்லுகின்றனர். மண்ணை அலசிக் காட்டிய உரிகத்தாரின் பெயரையோ, மாரிகுப்பத்துப் பாறையில் கல்லிடித்த பெண்களின் பெயரையோ எவரும் சொல்லுவதில்லை. கண்டு எழுதியவர் பெயர் நிற்கின்றது; காட்டியவர் பெயர் நிற்கவில்லை. இது தங்கவயலின் தொடக்கத்திலேயே நேர்ந்த குறை. பின்னரும் இக்குறை பலமுறை நேர்ந்தது.

பாலாறு காட்டிய வழி

தமிழ் பேசும் நம் முன்னோருட் பெரும்பாலோர் அன்றைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தவர். அவருள்ளும் வட ஆர்க்காட்டார் பலர். வறட்சியும் பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அவர்களைப் புறப்படச் செய்தன. வந்த வழியை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பாலாறு நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து கடலிற் கலக்கின்றது. வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் அதன் கரையன. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் அதே பாலாற்றின் நீரையே தேக்குவது. ஆற்றின் கீழ்க்கரையில் பிறந்தவர்கள் ஆற்றுக்கு எதிராக நடந்து மேல்நிலத்திற்கு வந்து, தாம் முன்பு குடித்த ஆற்றின் நீரையே இங்கும் குடித்தனர். வேற்று நாட்டிற்கு வந்தோம் என்று எண்ணியவர்க்கு நீர் மட்டும் வேறாகவில்லை.

இதே வழியில், பல நூற்றாண்டுகளுக்கு முன், எதிர்த்திசையில் ஒரு பெயர் பயணம் செய்திருக்கின்றது. கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம் என்பது. கங்க மன்னர்கள் தலைக்காட்டைத் தலைநகராகக் கொள்வதற்கு முன் ஆட்சி செய்த ஊர் இது. கங்கர் பெருமை மறைந்து பல தலைமுறைகள் கழிந்தபின், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், வட ஆர்க்காட்டுப் பகுதியில் சீயகங்கன் என்னும் குறுநில மன்னன் இருந்தான். குவளாலபுரத்தின் தலைவன் என்பது அவன் தாங்கிய பட்டங்களுள் ஒன்று. வாழ்ந்தது ஓரிடம், பெயரில் சுமந்தது மற்றோரிடம். இச்சீயகங்கனின் வேண்டுகோளாலேயே பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்தும் சொல்லும் இன்னவென்று நம் பிள்ளைகள் பள்ளியிற் கற்பதற்கு அடிப்படையாயுள்ள அந்நூல், கோலாரின் பெயரைத் தாங்கிய ஒருவனின் ஆதரவால் பிறந்தது என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் மகிழ்கின்றது.

கோலாரம்மன் கோயில் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பண்டிகை நாட்களில் நம்மவர் பலர் அங்குச் சென்று வழிபடுகின்றனர். தேள் வடிவத் தெய்வமாகிய செல்லம்மாவுக்கும் காணிக்கை இடுகின்றனர். அக்கோயிற் சுவர்களில் முதலாம் இராசேந்திரன், முதலாம் குலோத்துங்கன் ஆகியோர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. செங்கல்லால் இருந்த பகுதிகள் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பெற்றன என்பதை அவற்றுள் ஒன்று தெரிவிக்கின்றது. சோழர் ஆட்சியில் இந்நிலப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் என வழங்கியது.

நாம் ஒருமுறை அக்கோயிலுக்குச் சென்றிருந்தபோது, கல்வெட்டுப் பழக்கமுள்ள அன்பர் ஒருவரும் உடன் வந்திருந்தார். அவர் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துகளைக் காட்டியபின்பே, கீறல்களாகத் தோன்றியவை சொற்களாயின. வழிபட்டுத் திரும்ப அரைமணி நேரம் போதும். அன்று நாங்கள் உச்சிப்பொழுது வரை அங்கேயே இருந்தோம். எங்களைக் கண்ட உள்ளூர்ச் சிறுவர் சிலரும் வந்து நின்று, தங்கள் ஊர்க் கல்லில் என்ன எழுதியிருக்கின்றது என்று கன்னடத்தில் வினவினர். தெரிந்த அளவில் சொன்னோம். கல் ஒன்றே, காண்பவர் மொழி இரண்டு, வியப்பு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இவற்றைக் கூறுவது, இந்நிலம் எமதே என்று வழக்காடுவதற்கு அன்று. கங்கர் கன்னடம் வளர்த்த அரசர். சோழருக்குப்பின் ஒய்சளரும் பிறரும் இங்கு ஆண்டனர். கோலாரம்மனைக் கன்னடரும் தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே வணங்குகின்றனர். மக்கள் போவதும் வருவதும் இவ்வழியில் என்றும் நிகழ்ந்தன என்பதும், அப்போக்குவரவிலேயே கலையும் கல்வியும் தழைத்தன என்பதுமே நாம் சொல்ல விழைவன.

தட்டி வீடுகளும் மின்னாற்றலும்

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற படைவீரராகிய மைக்கேல் லவேல் என்பார் 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார். 1875இல் அதனைப் பெற்றார். பொருள் போதாமையால் அவ்வுரிமை விரைவிலேயே பிறர் கைக்கு மாறியது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் பெரும்பெயர் பெற்றன. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை அமைந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெள்ளீயமும் செம்பும் வெட்டிப் பழகிய சுரங்கத்தார் மேலாளராக வந்தனர். பஞ்சாபியர் காவலராக வந்தனர். மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து வந்தனர்.

1902 ஜூன் 30ஆம் நாள் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக வந்த மின்னாற்றல் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905இல்தான். இச்செய்தியை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். பெருமைக்குரியதே. ஆனால், அவ்வாற்றல் வந்தது சுரங்க எந்திரங்களை இயக்குவதற்காகும். அந்நாளில் தொழிலாளர் வாழ்ந்தவை மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு குடிசைகள். வரிசை வரிசையாக நின்ற அக்குடிசைகளுக்கே ‘லைன்’ என்று பெயர் வந்தது. தட்டிகள் போய்ச் சுவர்கள் வந்தபின்னும் அப்பெயர் போகவில்லை. நம்முள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது, “எந்த லைன்?” என்று கேட்பது இன்றும் நம் வழக்கம் அன்றோ?

பெயரின் அருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். 1930இல் சுரங்கத் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தபோது, அவர்கள் ஒன்றுபட்டு வேலையை நிறுத்தினர். கைரேகை எடுப்பது குற்றவாளிகளுக்குச் செய்வது. உழைப்பவர்க்கு அது இழுக்கு என்று அவர்கள் கருதினர். கூலி உயர்வுக்காகப் போராடுவதை உலகம் எளிதில் விளங்கிக்கொள்ளும். மானத்திற்காக, தம்மை வெறும் ரேகையாகக் கொள்ளலாகாது என்பதற்காக, எழுத்தறிவு குறைந்திருந்த அக்காலத்தில் அவர்கள் எழுந்து நின்றதை நாம் தனியே போற்றுதல் வேண்டும்.

எழுத்தும் கூத்தும்

உழைத்துக் களைத்தவர்க்குக் கலை எதற்கு என்று கேட்பார் உளர். தங்கவயலின் வரலாறு அக்கேள்விக்குத் தக்க விடை தரும்.

வட ஆர்க்காடு தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற நாடு. அங்கிருந்து வந்தவர் மூட்டையில் கொண்டுவரக் கூடியவை சிலவே. நெஞ்சில் கொண்டுவந்தவை பல. பாரதக் கதையும் ஒப்பாரியும் தாலாட்டும் கும்மியும் பறையிசையும் அவ்வாறு வந்தவை. விடிய விடிய நடைபெறும் கூத்தில் அமர்ந்திருப்பவர், வீட்டையும் வேலையையும் மறந்து அந்த இரவு முழுவதும் அங்கேயே இருக்கின்றார். ஆடுபவரும் காண்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அக்கலையின் உயிர். பகலெல்லாம் பூமிக்கடியில் விளக்கொளியின் சிறு வட்டத்தில் உழைத்தவர்க்கு, திறந்த வானின்கீழ் தம் மக்கள் நடுவே அமர்ந்திருத்தல் எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

எழுத்துக் கலையில் தங்கவயல் பெற்ற சிறப்பு இன்னும் பரவலாக அறியப்படவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகளுள் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் ஊக்கம் மிக்கவை. பண்டிதர் 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவ்விதழைப் படித்தும், பொருள் உதவியும், எழுதியும் வளர்த்தவருள் தங்கவயல் தொழிலாளர் குறிப்பிடத்தக்கவர். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926 முதல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. பல்லாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அயோத்திதாசரைத் தேடிப் புறப்பட்டபோது, தங்கவயல் குடும்பங்கள் பேணி வைத்திருந்த இதழ்களும் நூல்களும் அவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டன.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சென்னையில் தோன்றிய ஒரு சிந்தனை, சென்னையில் மறக்கப்பட்ட காலத்தும், தட்டி வீட்டில் வாழ்ந்த சுரங்கத் தொழிலாளரின் பெட்டியில் உயிரோடு இருந்தது. அப்பெட்டியைத் திறந்து படித்தவர், பூசி மூடி வைத்தவர், மழை நனையாமல் காத்தவர் யார் யார் என்பதை நாம் அறிவோமா? சில வீடுகளில் அறிவர். அவ்வீடுகளிலும் முதியோர் மறைந்தால் அறிவார் இரார்.

இருளில் விழித்திருந்தோர்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அவ்வாழத்தில் பாறையே சுடும். நிலத்தின் அழுத்தத்தால் பாறை திடீரெனச் சிதறுவதும் உண்டு. சுரங்க வழக்கில் ‘ஏர் பிளாஸ்ட்’ எனப்பட்ட அவ்வெடிப்பு எத்தனையோ குடும்பங்களின் விளக்கை அணைத்திருக்கின்றது. மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தவுடன் பெண்கள் வாயிலுக்கு ஓடிவந்து நின்ற கதையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆகவே, கீழே இருந்தவர்க்குக் கவனம் என்பது நற்பண்பு மட்டும் அன்று, அதுவே உயிர்க்காப்பு. கம்பியால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு அது உறுதியானதா, விழக் கூடியதா என்று தெளிவர். ஓர் ஓசையைப் பிழைபடக் கேட்டால் மேலே வருதல் அரிது. இருந்த இடத்தில் முழு மனத்தோடு இருத்தலை இவர்களினும் நன்கு கற்றவர் யார்?

அந்த ஆழத்திலேயே, பொன்னுக்காக அன்றி அறிவுக்காக விழித்திருந்தவரும் உண்டு. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை மலையையும் நிலத்தையும் எளிதில் ஊடுருவிச் செல்லும். அவற்றைக் காண்பது அரிது. பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும் ஆழத்தில் கருவிகளை வைத்துக் காத்திருந்தால் என்றாவது ஒன்று அகப்படலாம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்காம் ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞருடன் சேர்ந்து, தங்கவயற் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அவ்வாறு காத்திருந்தனர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர். உலகில் முதன்முதல் அதனைக் கண்டோருள் அவர்களும் இருந்தனர். அக்கருவிகளோடு கூண்டில் இறங்கியவருள், பாதையைப் பேணியவருள், பாறையைத் தட்டிக் காவல் செய்தவருள் நம் லைன் மக்களும் உண்டு. அறிவியல் நூல்களில் அறிஞர் பெயர்கள் உள்ளன. எஞ்சிய பெயர்களை நாமே எழுத வேண்டும்.

எஞ்சியிருப்பவை

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் பொறுப்பாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு வேலை நின்றது. 120 ஆண்டுகளில் இம்மண் தந்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அப்பொன் இங்குத் தங்கவில்லை. தங்கியவை, பொன்னெடுத்தபின் எஞ்சிய மண் குவிந்த சயனைடு மேடுகளும், துருப்பிடித்த சாப்டுக் கோபுரங்களும், மக்களுமே.

சுரங்கம் மூடியபின் நம் பயணம் வேறு வகையாயிற்று. முன்பு கீழ்நோக்கி இறங்கினோம். இப்போது விடியுமுன் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் இரயிலேறிப் பெங்களூர் செல்கின்றோம். பல்லாயிரவர் நாள்தோறும் போய் இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகள் உறங்கும்போது புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் வீடு சேரும் பெற்றோர் பலர். இதனால் ஊர் படுக்கைக்கு மட்டும் உரிய இடமாகிவிடுமோ என்னும் அச்சம் நமக்கு உண்டு. ஆயினும் அந்த இரயிற்பெட்டியில் நாம் கண்டவை மனத்திற்கு உறுதி தருகின்றன. ஒருபுறம் சிலர் பாடிக்கொண்டு வருவர், ஒருபுறம் மாணவர் படிப்பர், பெண்கள் பூத்தொடுப்பர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பேச்சிற் கலந்து ஒலிக்கும். மனிதர் சேர்ந்திருக்கும் இடத்தில் கலை தானாக முளைக்கும் என்பதற்கு அப்பெட்டியே சான்று.

அண்மையில் திரைப்படங்களும் நம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. 2018இலும் 2022இலும் ‘கே.ஜி.எஃப்’ என்னும் கன்னடப் படத்தின் இரு பகுதிகள் வெளிவந்தன. 2024இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ என்னும் தமிழ்ப் படம், வட ஆர்க்காட்டு மக்கள் பொன் தேடிப் புறப்பட்ட கதையைத் தன் கற்பனையோடு சொல்லிற்று. இப்படங்களைப் பார்த்தவர் சயனைடு மேட்டைக் காண வருகின்றனர். மேட்டின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகின்றனர். வருவோரை நாம் வரவேற்போம். ஆனால், மேட்டிற்குக் கீழே உள்ள லைனில் எவர் வாழ்கின்றார், அவர் எதை வெட்டினார், எதைப் பாடினார் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் என்ன உள்ளது? அவர்கள் போனவராகவே திரும்பினால் அது அவர்கள் குறை மட்டும் அன்று.

கார்ன்வாலை முன்னர்க் குறிப்பிட்டோம். அங்கும் சுரங்கங்கள் மூடின. மக்கள் உலகெங்கும் சிதறினர். அவருள் ஒரு சாரார் நம் ஊருக்கே மேலாளராக வந்தனர். ஆயினும், அந்நாட்டார் தம் பழைய எந்திரக் கூடங்களையும் சுரங்க ஊர்களையும் பேணினர். கார்ன்வால், மேற்கு டெவன் ஆகியவற்றின் சுரங்க நிலப்பரப்பு 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கூடங்களைக் காப்பது அரசுகளின் கையில் உள்ளது. நினைவைக் காப்பது நம் கையில் உள்ளது. அதற்குப் பெரும்பொருள் வேண்டா.

ஆதலின், நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அனைத்திற்கும் ஒரு வேண்டுகோள். 1956இல் இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் இன்று இருப்பாராயின் தொண்ணூறு வயதை அணுகியவர். சுரங்கம் மூடியபோது இளைஞராயிருந்தவரும் இன்று நரை கண்டவரே. காலம் சிறிது. விடுமுறை நாளொன்றில், வெளியூர்ப் பயணத்திற்கு முன், வீட்டு முதியவர் அருகில் உட்காருங்கள். கைப்பேசியை எடுத்து வையுங்கள். அல்லது அவர் குரலைப் பதிவு செய்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எந்த ஊரிலிருந்து யார் முதலில் வந்தார், எந்த மேஸ்திரியோடு வந்தார், எந்த லைனில் குடியிருந்தார், எந்தச் சாப்டில் இறங்கினார், உடன் இறங்கித் திரும்பாதவர் யார், பாட்டி பாடிய தாலாட்டு எது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பெயரை முழுமையாக எழுதிச் சங்கத்திற்குத் தாருங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். மாரிகுப்பத்துப் பாறையில் கல்லிடித்தவர்க்கு நேர்ந்தது நம் தாய்மார்க்கும் நேர வேண்டா.

பிள்ளைகளை ஒரு நாள் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கும், ஒரு நாள் கோலாரம்மன் கோயிற் கல்வெட்டுக்கும், ஒரு நாள் சாம்பியன் ரீஃபுக்கும் அழைத்துச் செல்லுங்கள். விரைந்து திரும்ப வேண்டா. நீர் எங்கிருந்து வருகின்றது, எழுத்து என்ன சொல்லுகின்றது, அந்தக் கோபுரத்தின் கீழ் யார் இறங்கினார் என்று அவர்கள் வினவும் வரை நில்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் நம் பிள்ளைகள் எழுதும் பயணக் கட்டுரைகள் நம் தெருவிலிருந்தே தொடங்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! ஒன்றி வாழ்க தங்கவயல் மக்கள் அனைவரும்!